வெளிறிய முருகைக்கல்லும் அம்பாப் பாட்டும்

கற்பிட்டிக் கரைக்கு மேற்கே கடலுள் கிடக்கும் 'பார்' முருகைக்கற்பாறை 1992ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் மிகை வெப்பமுற்றபோது, ஆழங்குறைந்த பகுதியின் முருகை ஏறக்குறைய முழுவதும் மடிந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் தளிர்த்தது. 2016இல் மறுபடியும் வெளிறியது. இவை விஞ்ஞானிகள் அளந்தறிந்த செய்திகள். எழுதியதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். அப்பாறையை நம்பித் தோணி செலுத்துவோர் பேசுவது தமிழும் சிங்களமும்.

மொழிபெயர்த்தாற் போதாதோ எனலாம். போதாது என்பதே என் துணிபு. வெளிறிய முருகை இறந்த முருகை அன்று. அதனுட் குடியிருந்து உணவும் நிறமும் ஊட்டும் நுண்பாசிகள் வெப்பந் தாளாது வெளியேற, உள்ளிருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவே. சில வாரங்களுள் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், முருகை பிழைக்கும். அவ்வாரங்களில் அதன்மேல் நங்கூரம் விழாதிருப்பதும் வலை உராயாதிருப்பதும் பேருதவி. அறிக்கையோ ஆண்டு கழித்து வரும்! உயிரோடு வெளிறிய கல்லையும் செத்துப் பாசி படர்ந்த கல்லையும் வேறுபடுத்திக் காட்டச் சொல்லினும் வண்ணமே வல்லது. அங்கே ஓவியர் வேண்டும்.

இஃது இன்று தோன்றிய கூட்டன்று. இலங்கையில் அரசுப் பணி புரிந்த ஜே. டபிள்யூ. பெனற் 1830ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கடல்மீன் நூலில் கையால் வண்ணந்தீட்டிய 30 படங்கள் உள்ளன. செத்த மீன் விரைவில் நிறமிழக்கும். தூரிகை இல்லையேல் அன்றைய விஞ்ஞானத்தில் மீனின் நிறம் நில்லாது. ஆயினும் அந்நூல் மீன் பிடித்தவனுக்காக ஆக்கப்பட்டதன்று.

கலை கலந்தால் ஆய்வு நீர்த்துவிடும் என்று அஞ்சுவாருளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஓங்கிலைச் சிரிக்கவைத்து வரைந்த சுவர்ப்படம் எதைக் கற்பிக்கும்? முடிந்த முடிபைக் கையிற் கொடுத்து, "இதை அழகாக்கித் தருக" எனக் கேட்பதன் விளைவு அது. கலைஞர் தொடக்கத்திலேயே தோணியில் ஏறவேண்டும், வெப்பமானியைத் தம் கண்ணாற் பார்க்கவேண்டும், விளங்காததை வினவவேண்டும்.

அத்தகைய கலைஞரைத் தேடிக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. கற்பிட்டிக்குத் தெற்கே, இதே மாவட்டக் கரையில், உடப்பின் கரைவலைக்காரர் பாடும் அம்பாப் பாட்டு பேர்பெற்றது. ஒருவர் அடியெடுக்கப் பலர் ஏற்றுப் பாடுவர். இழுவை இறுக இறுக ஓட்டமும் மாறும். எழுத்தறியாதாரிடத்தும் செல்லும் ஏடு அது. 1998இலும் 2016இலும் கடல் கொதித்தது சோளகத்துக்கு முந்திய சித்திரை, வைகாசியை ஒட்டியே. சோளகம் எழுந்தாற் கரைவலையும் ஓய்ந்துவிடும். ஆகவே விஞ்ஞானிகள் மாசியிலேனும் உடப்புக்குச் செல்வது நன்று.