சம்பளப் பாக்கி என்றால்தான் கெடா ஞாபகம் வருமா?

புக்கிட் செலம்பாவ் - கெடா காற்பந்துக் குழுவின் பெயர் அண்மைய ஆண்டுகளில் தேசிய ஊடகங்களில் அதிகம் அடிபட்டது ஆட்டக்காரர்களின் சம்பளப் பாக்கிக்காகத்தான். 2025-26 பருவத்திற்கான சூப்பர் லீக் உரிமம் கிடைக்காமல் போனதும் அந்தக் கதையின் தொடர்ச்சியே.

ஜெயித்தபோது இந்த ஊடகங்கள் எங்கே இருந்தன என்பது புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டார ரசிகர்களின் ஆதங்கம். வெறும் ஊர்ப்பற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது.

2006-07, 2007-08 ஆகிய இரு பருவங்களிலும் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடாவே வென்றது. 2016-இல் மீண்டும் மலேசியக் கிண்ணம். 2017, 2019-இல் எஃப்.ஏ. கிண்ணம், 2020, 2021-இல் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். ஆனால், இன்று உள்நாட்டுக் காற்பந்து என்றாலே பேச்சு ஜொகூர் டாருல் தாக்சிமில் தொடங்கி அங்கேயே முடிகிறது என்பது ரசிகர்களின் குறை.

2014 முதல் 2024-25 வரை லீக் பட்டத்தை விட்டுக்கொடுக்காத ஜொகூர், அந்தப் புகழுக்குத் தகுதியான குழுதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேசிய ஊடகங்களின் தலைமையகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளன. அலோர்ஸ்டாரில் நடக்கும் இரவு ஆட்டத்திற்கு நிருபரை அனுப்பினால் பயணச் செலவு, தங்கும் செலவு எல்லாம் உண்டு. வசதியுள்ள குழு படம், காணொளி, பேட்டி என்று எல்லாவற்றையும் தயார்செய்து ஊடகங்களுக்கு அனுப்பிவிடும். சம்பளத்திற்கே திண்டாடும் குழுவால் அது முடியுமா?

விளைவு, பணம் இல்லாத குழுவுக்குச் செய்தியும் இல்லை. செய்தியில் வராத குழுவுக்கு ஆதரவாளர் நிறுவனங்கள் எளிதில் பணம் போடுவதில்லை. பாக்கி மேலும் ஏறுகிறது. அப்போது மட்டும் தலைப்புச் செய்தி வருகிறது.

அதற்காகச் சம்பளப் பாக்கியை மறைக்கச் சொல்ல முடியாது. சம்பள நாள் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், பாக்கி விழுந்ததைச் சொல்லும் ஊடகம், அது ஏன் விழுந்தது, பொறுப்பு யாருடையது என்பதையும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

தமிழ் ஊடகங்களுக்கும் இதில் பங்குண்டு. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கமான மீஃபா வளர்த்தெடுத்த குழு, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் களமிறங்கியது. 2022 பருவத்தோடு அது விலகிக்கொண்டது. அந்த நான்கு பருவங்களில் அதன் ஆட்டங்களை வாராவாரம் தமிழில் படித்த நினைவு எத்தனை வாசகர்களுக்கு இருக்கும்?

2009 ஏப்ரலில் 15 வேட்பாளர்கள் மோதிய சட்டமன்ற இடைத்தேர்தலின்போது நாட்டின் ஊடகங்கள் எல்லாம் புக்கிட் செலம்பாவுக்கு வந்தன. ஓட்டு எண்ணி முடிந்ததும் கிளம்பிப் போயின. காற்பந்திலும் அதுவே நடப்பதாக இவ்வூர் ரசிகர்கள் நினைத்தால், அதில் வியப்பில்லை. கெடாவைப் புகழ வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டத்தை நேரில் பார்த்து எழுத ஒருவர் வரட்டும் என்றுதான் கேட்கிறார்கள்.