பாடம் நடத்தினால் 32 ஆயிரம். பந்தாட்டம் நடத்தினால் 48 ஆயிரம்!

அமெரிக்காவில் டெக்சாஸ் என்று ஒரு மாநிலம். எண்ணெய்க் கிணறுகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் பெயர் போனது. ஆகஸ்டு மாதக் கடைசி வந்துவிட்டால், அங்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் ஊரே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லோரும் விளையாட்டு மைதானத்தில்தான் இருப்பார்கள்.

அப்படி என்ன ஆட்டம்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடும் பந்தாட்டம்தான்!

அமெரிக்கர்கள் இதைப் "புட்பால்" என்கிறார்கள். ஆனால் உலகம் முழுவதும் ஆடுகிற கால்பந்து வேறு, இது வேறு. இந்தப் பந்து உருண்டையாக இருக்காது. நீண்டு, இரண்டு முனையும் கூராக இருக்கும். காலால் உதைப்பது குறைவு. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், தூக்கி எறிவதும், எதிரே வருகிறவனை முட்டித் தள்ளுவதும்தான் அதிகம். அதனால் தலைக்குக் கவசம் உண்டு. தோளுக்குத் திண்டு உண்டு. பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள்.

இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பவருக்குக் "கோச்" என்று பெயர். அவருக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது? அதே பள்ளிக்கூடத்தில் இலக்கணமும் கணக்கும் சொல்லிக் கொடுப்பவருக்கு எவ்வளவு கொடுக்கிறது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்!

ஒடெசா நகரின் கணக்கு

1988ஆம் ஆண்டில், எச்.ஜி. பிசிஞ்சர் என்ற பத்திரிகைக்காரர் பிலடெல்பியா நகரை விட்டு, குடும்பத்தோடு டெக்சாசில் உள்ள ஒடெசா நகருக்குக் குடி வந்தார். அங்கே "பெர்மியன்" என்ற உயர்நிலைப் பள்ளியின் பந்தாட்டக் குழுவோடு ஒரு பருவம் முழுவதும் கூடவே இருந்தார். பார்த்ததை எல்லாம் 1990இல் "பிரைடே நைட் லைட்ஸ்" என்ற புத்தகமாக எழுதினார். அது பிறகு சினிமாவாகவும் வந்தது.

ஒடெசா எண்ணெயை நம்பி வாழும் ஊர். 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது ஊரும் சரிந்தது. வேலை போனவர்கள் பலர். அப்படிப்பட்ட ஊரில், பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்கு என்று 19 ஆயிரம் பேர் உட்காரும் மைதானம் இருந்தது!

பெர்மியன் பள்ளியின் ஆங்கிலப் பாடப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஆசிரியை எம்.ஏ. அளவுக்குப் படித்தவர். 20 ஆண்டு அனுபவம் உள்ளவர். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 32 ஆயிரம் டாலர்.

அதே பள்ளியின் கோச் கேரி கெய்ன்சுக்கு ஆண்டுச் சம்பளம் 48 ஆயிரம் டாலர். அவர் வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. சம்பளம் போக, ஆண்டுதோறும் ஒரு புதுக் காரும் ஓட்டுவதற்குக் கிடைத்தது.

இத்தோடு போகவில்லை. அந்தப் பருவத்தில், வெளியூர் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளைத் தனி விமானத்தில் அழைத்துப் போன செலவு மட்டும் சுமார் 70 ஆயிரம் டாலர். ஆட்டத்தைப் படம் பிடித்து, அவசரமாகக் கழுவி எடுத்த செலவு 6,400 டாலர். ஆங்கிலப் பிரிவு முழுவதற்கும், கூடுதல் புத்தகம், காகிதம், நகல் எடுக்கும் இயந்திரத்தின் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒதுக்கிய பணம் 5,040 டாலர்!

அதாவது, பிள்ளைகள் பந்தோடு ஓடுவதைப் படம் பிடித்த செலவு, ஆங்கிலப் பிரிவு முழுவதற்கும் ஒதுக்கிய பணத்தைவிட அதிகம்.

கோச் பாவம்!

இதைக் கேட்டவுடன் கோச்சின் மேல் கோபம் வருவது இயற்கை. ஆனால் அவர் படும் பாட்டையும் பார்க்க வேண்டும்.

அந்த 1988 பருவத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் பெர்மியன் ஒரு முறை தோற்றது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அன்று இரவு கெய்ன்ஸ் வீடு திரும்பியபோது, வீட்டு முன்னால் "விற்பனைக்கு" என்று எழுதிய பலகைகள் நட்டிருந்தன. "வீட்டை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்" என்று அர்த்தம்! அடுத்த ஆண்டு, 1989இல், அதே கெய்ன்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலச் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். உடனே ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

ஆசிரியையின் வீட்டு வாசலில் யாரும் பலகை நடுவதில்லை. பிள்ளைகள் பாதிப் பேர் பெயிலானாலும் நடுவதில்லை. அத்தனை பேரும் தேறினாலும் மாலை போடுவதில்லை. அவர் செய்கிற வேலையை யாரும் பார்ப்பதே இல்லை. சம்பளத்தில் உள்ள வித்தியாசத்துக்கு முதல் காரணம் இதுதான்.

கோச்சுக்கு வேலை நாளும் அதிகம். டெக்சாசில் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 187 நாள் வேலை என்று கணக்கு. தலைமைக் கோச்சுகள் பலருக்கு 220 நாளுக்கு மேல் போகும். சனி, ஞாயிறும் கிடையாது. துணைக் கோச்சுகளோ பகலில் வகுப்பும் எடுப்பார்கள்; மாலையில் மைதானத்துக்கும் போவார்கள். அதற்கு ஒரு சிறு படி கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே கோச்சு எல்லோரும் கொழுத்திருக்கிறார்கள் என்று நினைப்பது தப்பு.

ஆனால் வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கட்டுரை நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், இரவு பதினொரு மணி வரை திருத்துகிற ஆசிரியைக்கு அந்த மணிகளை யார் எண்ணுகிறார்கள்? கோச்சின் இரவு வேலைக்குக் கணக்கு இருக்கிறது. ஆசிரியையின் இரவு வேலைக்குக் கணக்கு இல்லை.

பேரம் பேசுகிறவரும் பேச முடியாதவரும்

அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழு. வீட்டு வரியிலிருந்து கணிசமான பணம் வருகிறது. மாநில அரசும் கொடுக்கிறது.

ஆசிரியர்களுக்கு இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு இவ்வளவு என்று ஒரு சம்பளப் படிக்கட்டு உண்டு. ஆண்டுக்கு ஒரு படி ஏறலாம். அதற்கு மேல் கேட்க முடியாது. ஆசிரியர் சங்கம் பள்ளிக் குழுவோடு உட்கார்ந்து கூட்டாகப் பேரம் பேசுவதை டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது. வேலைநிறுத்தமும் கூடாது. மீறினால் வேலை போகலாம்; பென்ஷன் உரிமையும் போகலாம்.

கோச்சின் கதை வேறு. நாலு ஆட்டம் ஜெயித்த கோச்சைப் பக்கத்து ஊர் கூப்பிடும். "அவர்கள் இவ்வளவு தருகிறார்கள்" என்று அவர் சொன்னால், இந்த ஊர் கூட்டிக் கொடுக்கும். நல்ல கணக்கு வாத்தியாரைப் பக்கத்து ஊர் கொத்திக்கொண்டு போய்விடும் என்று எந்த ஊராவது பதறியதுண்டா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூவர் பெண்கள். பந்தாட்டக் கோச்சுகள் ஏறத்தாழ அத்தனை பேரும் ஆண்கள். "அவளுக்கு என்ன, புருஷன் சம்பாதிக்கிறான்" என்ற பழைய நினைப்பு சம்பளப் படிக்கட்டின் அடியில் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஒடெசா கதை நடந்து 18 ஆண்டு கழித்து, 2006இல், ஆஸ்டின் நகரப் பத்திரிகை ஒன்று டெக்சாசின் பெரிய உயர்நிலைப் பள்ளிகளில் விசாரித்துக் கணக்கு வெளியிட்டது. கோச்சின் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 73,804 டாலர். ஆசிரியரின் சராசரிச் சம்பளம் 42,400 டாலர். பிறகு கோச்சுகளில் பலர் ஒரு லட்சம் டாலரையும் தாண்டிவிட்டார்கள்.

"கோச்சின் சம்பளத்தை வெட்டி ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிடலாமே!" என்று சிலர் சொல்வார்கள். கொடுத்துப் பார்ப்போம். 2006 கணக்கில் வித்தியாசம் 31,404 டாலர். ஒரு பெரிய பள்ளியில் 100 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்கு போட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 314 டாலர். மாதத்துக்கு 26 டாலர்! இதில் யார் குடும்பமும் நிமிராது. கோச்சின் தட்டிலிருந்து எடுத்துப் பயன் இல்லை. ஆசிரியையின் தட்டில் புதிதாகப் பரிமாற வேண்டும்.

60 மில்லியன் டாலர் மைதானம்

பரிமாறப் பணம் இல்லையா? டல்லாசுக்குப் பக்கத்தில் ஆலன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2009இல் 119 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். அதில் சுமார் 60 மில்லியன், அதாவது 6 கோடி டாலர், பள்ளியின் மைதானத்துக்குப் போனது. 18 ஆயிரம் பேர் உட்காரலாம். 2012இல் திறந்தார்கள். 2014இல் சிமெண்டில் வெடிப்பு கண்டது. மூடிவிட்டார்கள்! பழுது பார்த்து 2015இல்தான் மறுபடியும் திறந்தார்கள்.

"கடன் பத்திரப் பணத்தைக் கட்டடம் போன்றவற்றுக்குத்தான் செலவிடலாம், சம்பளத்துக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தராது" என்று பதில் வரும். அது உண்மைதான். ஆனால் அந்தக் கடனையும் வட்டியையும் கட்டுவது யார்? அதே ஊர்க்காரர்களின் வீட்டு வரிதான். மைதானத்துக்கு வரி கொடுக்கச் சம்மதித்தவர்கள், சம்பளத்துக்கு வரி என்றால் முகம் சுளிப்பது ஏன்?

கவர்னர் தோற்றார்

இதை மாற்ற ஒருவரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1983இல் கவர்னர் மார்க் ஒயிட், பள்ளிகளைச் சீர்திருத்த ஒரு கமிட்டி போட்டார். டல்லாஸ் கோடீசுவரர் ராஸ் பெரோ அதற்குத் தலைவர். பந்தாட்டம் படிப்பை விழுங்குகிறது என்று அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

1984இல் சட்டம் வந்தது. ஆசிரியர் சம்பளம் உயர்ந்தது. சிறு பிள்ளைகளின் வகுப்பில் 22 பேருக்கு மேல் கூடாது என்று ஆனது. எல்லாவற்றையும்விடப் பெரிய வெடிகுண்டு ஒன்று உண்டு. எந்தப் பாடத்திலாவது 70 மார்க்குக்குக் கீழே வாங்கினால், ஆறு வாரம் ஆட்டத்தில் சேரக்கூடாது!

கோச்சுகள் கொதித்தார்கள். பெற்றோர்களும் கொதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்களும் கவர்னர் மேல் கோபம் கொண்டார்கள். சம்பளத்தோடு கூடவே, வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு பரீட்சை வைத்துவிட்டார்! 1986 மார்ச்சில் நடந்த அந்தப் பரீட்சையில் மிகப் பெரும்பாலோர் தேறினார்கள். ஆனாலும் அவமானம் ஆறவில்லை. எண்ணெய் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு தேர்தலில் ஒயிட் தோற்றார். 1995இல் ஆறு வாரத் தடை மூன்று வாரமாகச் சுருங்கியது.

இன்றைய நிலை

2023-24 கல்வியாண்டில் அமெரிக்கா முழுவதும் ஆசிரியர் சராசரிச் சம்பளம் 72 ஆயிரம் டாலர் அளவில் இருந்தது. டெக்சாசில் 62 ஆயிரம் அளவுதான். அந்த ஊர் விலைவாசியில் அது பெரிய பணம் அல்ல. கோடை விடுமுறையில் கடையில் நின்றும், மாலையில் கார் ஓட்டியும் குடும்பம் நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அலுத்துப்போய் வேலையை விட்டவர்களும் ஏராளம். அந்த ஆண்டு டெக்சாசில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் கிடையாது. நஷ்டம் யாருக்கு? வகுப்பில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு!

2025இல் டெக்சாஸ் சட்டசபை விழித்துக்கொண்டது. ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியருக்குப் பெரிய வட்டாரங்களில் 5 ஆயிரம், சிறிய வட்டாரங்களில் 8 ஆயிரம் டாலர் உயர்வு கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் 20 ஆண்டு பாடம் நடத்தியவர், அதே பள்ளியின் கோச்சுக்குச் சமமாகச் சம்பளம் வாங்கும் நாள் வரும் வரை இதைப் பாதிக் காரியம் என்றே சொல்ல வேண்டும்.

ஆட்டத்தை நிறுத்திய ஊர்

தெற்கு டெக்சாசில் பிரெமாண்ட் என்று ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் பணம் இல்லை, படிப்பும் மோசம். மாநில அரசு மூடிவிடப் போகிறது என்ற நிலை. 2012இல் பள்ளி அதிகாரி ஒருவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். எல்லா விளையாட்டையும் நிறுத்தினார், பந்தாட்டம் உட்பட!

கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பந்தாட்டத்தில் ஒரு பையனுக்கு 1,300 டாலர் செலவாகிக்கொண்டிருந்தது. கணக்குப் பாடத்துக்கு ஒரு பிள்ளைக்கு 618 டாலர்தான். ஆட்டங்களை நிறுத்தியதால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் மிச்சம்.

ஊரில் அழுகை, கோபம் எல்லாம் இருந்தது. சில பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஆனால் பந்தாட்டம் இல்லாத அந்த முதல் பருவத்தில், 100க்கு 80 பிள்ளைகள் பாடங்களில் தேறினார்கள். முந்தைய ஆண்டு 100க்கு 50 பேர்தான் தேறியிருந்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் சந்திக்கும் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டு 6 பேர் வந்திருந்தார்கள். இந்த முறை சுமார் 160 பேர் வந்தார்கள்.

பள்ளி மூடப்படவில்லை. 2013க்குள் கூடைப்பந்து, கைப்பந்து, டென்னிஸ், ஓட்டம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பந்தாட்டம் மட்டும் அந்த ஆண்டு திரும்பவில்லை.