சீட்டு ஒருவருக்கு, சோதனை குடும்பத்துக்கு

மருத்துவமனையில் சீட்டு ஒருவர் பெயருக்கே எழுதப்படுகிறது. மர்ஃபான் போன்ற பரம்பரை இணைப்புத் திசு நோய்களுக்கு அது போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எலும்பு, மூட்டு, கண், இரத்தக் குழாய் ஆகியவற்றைத் தாங்கிப் பிடித்திருப்பது இணைப்புத் திசு. மர்ஃபான் நோயில் அத்திசுவுக்கு வலுவூட்டும் ஃபைப்ரில்லின் என்னும் புரதம் குறைபடுகிறது. ஒல்லியான நெடிய உடல், நீண்ட விரல்கள், வளைந்த முதுகு, இடம் நழுவிய கண்வில்லை ஆகியன வெளியே தெரியும் அடையாளங்கள். ஆபத்தோ உள்ளே இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஆண்டுக்கணக்கில் விரிந்து, ஒருநாள் அதன் சுவர் கிழியக்கூடும். அதுவரை வலியே தெரியாமலும் இருக்கலாம்.

நோயுள்ள தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. (எப்போதும் மருமகளின் பிறந்த வீட்டையே குறை கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.) ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பெற்றோர் இருவருக்கும் இல்லாமலே புதிதாகத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியில் ஆடியவர். ஆறடிக்கு மேற்பட்ட அவரது உயரத்தை உலகமே வியந்தது. 1986 ஜனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது சரிந்து இறந்தார், வயது 31. மர்ஃபான் என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதன்பின் குடும்பத்தாரைச் சோதித்ததில் சகோதரருக்கும் அந்நோய் இருப்பது தெரிந்து, அவருக்கு உரிய காலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது.

மண்டபத்தூர்க் கரையிலும் நெட்டையான பிள்ளையைத்தான் பந்தாட்டத்துக்கும் வலை இழுக்கவும் முதலில் அழைக்கிறோம். மூச்சை அடக்கிப் பாரம் இழுப்பதும் படகு தள்ளுவதும் இந்நோயாளிகளுக்கு ஆகாதவை. அப்படிச் சொல்வது ஒரு வீட்டின் வருமானத்தில் கைவைப்பது என்பதை அறிவோம். ஆயினும் சொல்லாதிருக்க இயலவில்லை.

"வரன் பார்க்கும் நேரத்தில் பெண்ணுக்கு எதற்குச் சோதனை?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களது அச்சம் புரிகிறது. ஆனால் கர்ப்ப காலத்திலும் பேறு முடிந்த வாரங்களிலும்தான் பெருந்தமனி கிழியும் அபாயம் மிகுகிறது. முன்னரே அறிந்தால் மருத்துவர் கண்காணிக்கலாம். பீட்டா பிளாக்கர், லோசார்டான் போன்ற மருந்துகளால் விரிவின் வேகத்தைக் குறைக்கலாம். தேவையானால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம். எக்கோ சோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகும் அண்ணன் தம்பிகள் கரையில் இருக்கும் நாட்கள் அவை. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியாகியிருந்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் அந்நாட்களுக்குள் வந்து எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பது போன்ற வலி வந்தால் மட்டும் எந்த நாளுக்கும் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.