ஐந்து சென்ட் நாணயத்தில் ஒரு மலைத்தோட்டம்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் கொண்டுவந்த ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கம் ஒரு மாளிகை இருக்கிறது. ஒரு விவசாயி மலைமேல் கட்டிய வீடு அது என்கிறான். உண்மைதானா?
— சரிவு நிலத்தில் விவசாயம் செய்யும் வாசகர்

பதில்: உண்மைதான் ஐயா. ஆனால் நம்மைப் போன்ற சிறு விவசாயி அல்ல. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன்தான் அவர். வர்ஜீனியாவில் சுமார் 5,000 ஏக்கர் நிலம் அவருக்கு இருந்தது. மலை உச்சியைச் சமப்படுத்தி 1769-இல் வீடு கட்டத் தொடங்கினார். இடித்தும் கூட்டியும் கட்டி முடிக்க 40 ஆண்டுகள் ஆயின. வீட்டின் பெயர் மான்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் ‘சின்ன மலை’ என்று பொருள்.

மாளிகையைவிட நாம் பார்க்க வேண்டியது அங்குள்ள காய்கறித் தோட்டத்தை. தென்கிழக்குச் சரிவை வெட்டி, கல்சுவர் எழுப்பி மண் அணைத்து, 1,000 அடி நீளத்துக்குச் சமதளம் ஆக்கியிருக்கிறார்கள். அதில் சுமார் 330 ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தார். விதைத்த நாள், காய் பறித்த நாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தார். புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டது என்று கோதுமைக்கு மாறினார். மேல்மண் அரிக்காமல் இருக்க, அவருடைய மருமகன் சரிவுக்குக் குறுக்கே உழும் முறையைக் கொண்டுவந்தார்.

இத்தனை தெரிந்தவரையும் தண்ணீர் தவிக்க விட்டது. உச்சியில் 65 அடி தோண்டிய கிணறு அடிக்கடி வற்றியது. அப்போதெல்லாம் கீழே இருந்த ஊற்றுகளிலிருந்துதான் நீர் மேலே வர வேண்டும். பிற்காலத்தில் மழைநீருக்காக எட்டடி நீளம், அகலம், ஆழத்தில் நான்கு தொட்டிகள் கட்டினார். அவையும் ஒழுகின.

மலையை வெட்டியது, சுவர் எழுப்பியது, நீர் சுமந்தது எல்லாம் அடிமைகளின் கை. எல்லா மனிதரும் சமம் என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார்.

கடைசியில் கடன் வந்து நின்றது. மாமனார் வழியில் வந்த கடன், மாளிகைச் செலவு, ஓயாத விருந்தாளிகள், போதாக்குறைக்கு நண்பர் ஒருவருக்குப் போட்ட 20,000 டாலர் ஜாமீன் கையெழுத்து. நண்பர் நொடித்துப்போக, பாரம் இவர் தலையில் விழுந்தது. 1826-இல் இறந்தபோது கடன் 1,07,000 டாலருக்கும் மேல். அடுத்த ஜனவரியில் அந்த மலைமேலேயே ஏலம் நடந்தது. சுமார் 130 அடிமைகளை விற்பனைக்கு நிறுத்தினார்கள். குடும்பங்கள் சிதறின. கடன் வாங்கியவர் ஒருவர், விலை கொடுத்தவர்கள் வேறு. 1831-இல் வீடும் கைமாறியது.

உங்கள் நிலமும் சரிவு என்பதால் சொல்கிறேன். மேட்டில் வீடு கட்டும் எண்ணம் இருந்தால் முதலில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று பாருங்கள். உழவு எப்போதும் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். ஜாமீன் கையெழுத்து கேட்டு யார் வந்தாலும், அன்றைக்கே போடாமல் வீட்டில் ஒரு வார்த்தை கலந்து பேசுங்கள். ஜெபர்சன் அன்றாடச் செலவையும் விடாமல் எழுதியவர்தான். எழுதினால் மட்டும் போதாது ஐயா, மாதம் ஒருமுறை வரவையும் கடனையும் எதிரெதிரே வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.