கவிதை விற்காது என்பவர்கள் யாரிடம் பணம் வாங்குகிறார்கள்?

"கவிதை விற்காது தம்பி. நீங்களே ஒரு இருபத்தைந்தாயிரம் போட்டுவிடுங்கள், புத்தகம் கொண்டுவந்துவிடலாம்." முதல் தொகுப்போடு பதிப்பகங்களின் படியேறிய பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். பிறகு சிறு கவிதைப் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி, நானே இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் பக்கமிருந்து ஓர் இளம் தோழர் கைப்பிரதியோடு வந்தார். காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பேருந்தைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல கவிதைகள். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 300 படி அடித்துக் கொடுத்தேன். வெளியீட்டு விழாவில் சாதி ஒழிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அந்தப் பணம் அவருடைய அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன் என்பது பிறகுதான் தெரிந்தது. புத்தகம் வந்த பின்னும் அந்த அம்மா வாரத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். தொகையைத் திருப்பிக் கொடுக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின.

"எல்லாரிடமும் ஒரே தொகைதானே வாங்குகிறோம், இதில் சாதி எங்கே வந்தது?" என்று பதிப்பக நண்பர்கள் கேட்கிறார்கள். தொகை ஒன்றுதான். ஒருவர் அதைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தருகிறார், இன்னொருவர் கடன் வாங்கித் தருகிறார். நிலமும் வேலையும் சேமிப்பும் யாரிடம் சேர்ந்தன என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. அப்படியிருக்க, பணம் கட்டியவர் கவிஞர், கட்ட முடியாதவர் வாசகர் என்று பிரிப்பதும் சாதியின் வேலையே. வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை.

நம் முன்னோர்கள் அச்சை இப்படி நடத்தவில்லை. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையைப் பெயரிலேயே வைத்தார். 1914இல் அவர் மறைந்த பின், 1926இல் கோலார் தங்கவயலில் இருந்து ஜி.அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் 1999இல்தான் வந்தன. இடையில் 85 ஆண்டுகள். அதுவரை அந்தச் சிந்தனை அழியாமல் இருந்ததில் இத்தகைய சிறிய அச்சு முயற்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது நாங்கள் கவிஞர்களிடம் பணம் வாங்குவதில்லை. 96 பக்கப் புத்தகம் 100 படி மட்டும் அடிக்கிறோம். படிக்கு 65 ரூபாய் ஆகிறது. விலை 130. கடைக்குக் கொடுத்தால் 40 விழுக்காடு கழிவு, அதாவது 52 ரூபாய் போய்விடும். கவிஞருக்குப் பத்து விழுக்காடு, 13 ரூபாய். கூட்டிப் பாருங்கள், மிச்சம் பூச்சியம். அட்டை வடிவமைப்புக்கும் தபாலுக்கும் கைக்காசுதான். அதே புத்தகத்தை நீங்கள் எங்களிடமே நேரடியாக வாங்கினால் 52 ரூபாய் நிற்கும். 130 பேர் அப்படி வாங்கினால், அடுத்த கவிஞரின் 100 படிகளுக்கு அச்சுக்கூலி வந்துவிடும்.

தோழர்களே, எங்கள் கவிதைகளை நீங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறீர்கள், மகிழ்ச்சி. புத்தகத்தின் பிடிஎஃப்பும் சுற்றுகிறது. காசில்லாத மாணவர் அதைப் படிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் வாங்கிப் படியுங்கள். அடுத்த முறை புத்தகக் காட்சியில் ஒரு கவிதைத் தொகுப்பைக் கையில் எடுக்கும்போது பதிப்பாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதற்குக் கவிஞர் பணம் கொடுத்தாரா?"

என்னிடமும் கேளுங்கள். அந்த ஒரு புத்தகத்துக்கு, ஆம் என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.