நெருக்கடியில் நிற்பதே ஒழுக்கம்

‘முதலில் வாழ வழி பிறக்கட்டும், ஒழுக்கத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் பேச்சு இன்று படித்தவர் நாவிலும் ஏறிவிட்டது. வறுமை வந்தால் பொய் பொறுக்கத்தக்கது. இடர் வந்தால் சொல்தவறுதல் இயல்பு. பகை வந்தால் நன்றி மறத்தலும் வீரமே என்று இவர்கள் கணக்கிடுகின்றனர். ஒழுக்கம் என்பது செல்வர் வீட்டு அணிகலனா? இவ் வினாவிற்கு வ.உ. சிதம்பரனார் வாழ்வே தக்க விடையாகும்.

1906-இல் வெள்ளையர் கடல் வாணிகத்திற்கு எதிராகக் கப்பல் விட்ட அப் பெருமகனார்க்கு 1908-இல் இரட்டை வாழ்நாள் ஒறுப்பு விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைந்ததெனினும், கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். உடல் நைந்த அச் சிறைக்காலத்தில் அவர் உள்ளம் எங்கே நின்றது? சேம்சு ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கிற்று. உடனிருந்த சிறையாளர்க்கு அறங்கூறப் புகுந்து, ‘மெய்யறம்’ என்னும் நூலை யாத்தது. 125 அதிகாரங்கள் கொண்ட அந் நூல் மாணவரியலில் தொடங்கி, இல்வாழ்வியலைக் கடந்த பின்னரே அரசியலுக்கு வருகின்றது. தன்னைத் திருத்தாதவன் வீட்டையும், வீட்டைப் பேணாதவன் நாட்டையும் திருத்தவியலாது என்பதை அவ் வைப்புமுறையே நமக்கு உணர்த்துகின்றதன்றோ?

‘மனம்போல வாழ்வு என்றால், அவர் பின்னர் வறுமையில் உழன்றது ஏன்?’ எனச் சிலர் வினவலாம். நல்ல வினாவே. 1912-இல் சிறை நீங்கியவர்க்குக் கப்பலும் இல்லை. வழக்கறிஞர் தொழிலுரிமையும் இல்லை. சென்னையில் அரிசிக்கடை வைத்தும் பிழைத்துப் பார்த்தார். வாழ்வு என்பதற்குப் பொருட்செல்வம் என்றே பொருள்கொண்டால் அந் நூற்பெயர் பொய்யே. ஆனால் வாழ்வு என்பது ஒருவன் பெற்றது அன்று, அவன் செய்தது. பெறுவது காலத்தின் கையிலும் பிறர் கையிலும் உள்ளது. செய்வது ஒன்றே தன் கையில் உள்ளது. அவ் வகையில் அவர் வாழ்வு மனம்போலவே அமைந்தது.

இரண்டு செய்திகளை எண்ணிப் பாருங்கள். அவர்க்குத் தொழிலுரிமை மீளக் கிடைக்கத் துணைநின்றவர் வாலேசு என்னும் ஆங்கில நயனாளர். ஆங்கில ஆட்சியை வேரறுக்க முனைந்த சிதம்பரனார், தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்தல் வேறு; ஒருவர் செய்த நன்றியை மறத்தல் வேறு. இரண்டையும் குழப்பாத தெளிவே வீரம். மற்றொன்று, 1936-இல் அவர் விட்டுச்சென்ற இறுதிமுறி. எண்ணெய்க்கடைக்கும் துணிக்கடைக்கும் தாம் கொடுக்க வேண்டிய சிறு தொகைகளையும் அதில் குறித்துவைத்தார். நாட்டிற்காக அனைத்தும் இழந்தவர், ‘நாடு எனக்குக் கடன்பட்டது’ என்று எழுதவில்லை. தாம் கடைக்காரர்க்குப் பட்ட கடனையே எழுதினார்!

இன்றோ மேடையில் கொள்கை முழங்குவோருள் எத்தனையோ பேர் அச்சகத்தார்க்குக் கூலி தருவதில்லை. ‘பொதுப்பணி செய்கின்றோம்’ என்பதையே கடன் தீர்த்த சீட்டாகக் காட்டுகின்றனர். பெருங்கொள்கை சிறு நேர்மையினின்று ஒருவனை விடுவிப்பதில்லை. அதற்கு அவனை இன்னும் இறுகப் பிணிக்கின்றது. சிறு தொகையில் நாணயம் தவறுபவன் கையில் ஒரு மக்கள்திரளின் நம்பிக்கையை எவ்வாறு ஒப்படைப்பது?

அவர் இழுத்த செக்கு நினைவுப்பொருளாய்ப் போற்றப்பெறுகின்றது. அதற்கு மாலை சூட்டுதல் எளிது. மாலை சூட்டிய கையால், தர வேண்டியதைத் தரவேண்டியவரிடம் அன்றன்றே தருக. ஒப்பிய சொல்லை இழப்பு வரினும் காத்திடுக. மாற்றார் செய்த நன்மையையும் வாய்விட்டுச் சொல்லுக. நெருக்கடி தீர்ந்த பின்னர்த் தொடங்குவோம் என்று காத்திருக்க வேண்டா. ஒழுக்கம் பிறப்பதே நெருக்கடியில்தான்.