தன்னார்வ மீட்புக் குழுக்களின் வரவு செலவும் இணையவழித் தாக்கலும்: கூட்டமைப்பின் நிலைப்பாடு

தணிக்கை, இணையவழித் தாக்கல் பற்றிச் சென்ற செயற்குழுவில் நடந்ததும், அதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஓடியதும் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி கிளறும் எண்ணம் இல்லை. ஆனால் கூட்டமைப்பு கணக்குக் காட்டப் பயப்படுகிறது என்று வெளியே பேச்சு கிளம்பிவிட்டது. கூடவே, 2026 மார்ச்சோடு 12ஏ (வருமானவரி விலக்கு) பதிவு முடியும் அமைப்புகள் புதுப்பிக்க விண்ணப்பிப்பதற்கு 2025 செப்டம்பர் 30 கடைசி நாளாக இருந்தது. இனியும் வாய்மொழியில் சமாளிக்க முடியாது.

கணக்குக் கேட்பது நியாயம். 2018-ல் கஜா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், முகம் தெரியாதவர்கள் நம் குழுக்களை நம்பிப் பணம் தந்தார்கள். பலர் ரசீதுக்குக்கூட நிற்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதற்காகவே நாம் எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவே தணிக்கையும் இணையத் தாக்கலும் வேண்டாம் என்று சில உறுப்பு அமைப்புகள் முன்வைத்த கோரிக்கையைக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. ஆண்டுக் கணக்கை ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டிவைப்பது, இயன்ற இடங்களில், விரும்பத்தக்கது. (இந்த ஒரு வரிக்கே ஒரு மாலை முழுதும் போனது.)

இனி வருவதில் செயற்குழுவில் மாற்றுக் கருத்தே இல்லை. வருமானவரித் தளத்தில் நம் அமைப்புகளின் லாகின் யார் கையில் இருக்கிறது? பழைய 12ஏ பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவும் வைத்திருந்த அனைவரும் 10ஏ படிவத்தில் மறுபடி விண்ணப்பிக்கவேண்டும் என்று 2021-ல் விதி வந்தது. அந்த ஆண்டு ஜூனில் முடியவேண்டிய கெடு, நீட்டித்து நீட்டித்து 2024 ஜூனில்தான் முடிந்தது. ஒவ்வொரு கெடுவுக்கும் முந்தின நாள் பான் கார்டையும் பத்திர நகலையும் ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, 'பார்த்துப் போட்டுவிடுங்கள் சார்' என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர். அங்கே கணினியில் உட்கார்ந்திருந்த பையன் மின்னஞ்சல் கட்டத்தில் அலுவலக முகவரியைப் போட்டார். செல்போன் கட்டத்தில் தன் எண்ணைப் போட்டார். இன்று அவர் அங்கே வேலையில் இல்லை. ஓ.டி.பி. மட்டும் அவருக்கே போய்க்கொண்டிருக்கிறது. நிர்வாகிகள் மாறினால் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 கொடுக்கத் தெரிகிறது. லாகினை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை.

கடலோர உறுப்பு அமைப்பு ஒன்று படகுக்கும் கயிற்றுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் வாங்கிய நன்கொடைக்கு 10பி.டி. (நன்கொடையாளர் பட்டியல்) தாக்கல் விட்டுப்போயிற்று. நோட்டீஸ் தளத்தில் ஏறியது; மின்னஞ்சல் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனது. தலைவர் விடிகாலையில் கடலுக்குப் போகிறவர். மாதங்கள் கழிந்து, வங்கிக் கணக்கு வேலையாகப் போன இடத்தில் தற்செயலாகத் தெரியவந்தது. ஒரு பதிவுத் தபால் வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவர் வீடு தபால்காரருக்குத் தெரியும்.

தாமதத்துக்கு என்ன விலை? 80ஜி பெற்ற அமைப்பு, நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் 10பி.டி.யில் தரவேண்டும். தவறினால் 234ஜி பிரிவின்படி நாளுக்கு 200 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, நன்கொடைத் தொகையேதான். 40,000 ரூபாய் வந்திருந்தால் 200 நாளில் அத்தனையும் போயிற்று. அதற்கு மேல் 271கே பிரிவில் 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தனிநபர் ஒருவர் தன் வருமானக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் கட்டணம் அதிகபட்சம் 5,000 ரூபாய். சம்பாதித்தவருக்கு ஐயாயிரத்தோடு போயிற்று. கழுத்தளவுத் தண்ணீரில் கயிறு பிடித்தவர்களிடமிருந்து கடைசிக் காசு வரை. இதை நிதானமான மொழியில் எழுத முயன்றோம். முடியவில்லை.

அரசிடம் நாம் கேட்பது மூன்று: சிறு அமைப்புகளின் முதல் தவறுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவேண்டும்; நோட்டீஸைப் பதிவு முகவரிக்குத் தபாலிலும் அனுப்பவேண்டும்; மாவட்டத் தலைநகரங்களில் தமிழில் பேசும் உதவி மேசை வேண்டும். மூன்றாவதைப் படிப்படியாகச் செய்தாலும் ஏற்கலாம். முதல் இரண்டையும் அப்படி விட முடியாது.

ஆண்டு வருமானம் 5 கோடிக்கு மேற்படாத அமைப்புகளுக்குப் பதிவுக் காலத்தைப் பத்தாண்டாக்கிய 2025 நிதிச் சட்டத்தை வரவேற்கிறோம். பெயரில்லா நன்கொடை ஒரு லட்சத்தையோ மொத்த நன்கொடையில் 5 சதவீதத்தையோ, எது அதிகமோ அதைத் தாண்டினால், மிகுதிக்கு 30 சதவீத வரி என்ற விதியை வெள்ள நாட்களுக்காவது தளர்த்தலாம். முழுக்க மதம் சார்ந்த அமைப்புகளுக்கு ஏற்கெனவே விலக்கு இருக்கிறது.

எல்லாக் குழுக்களின் கணக்கையும் கூட்டமைப்பே இணையத்தில் ஒரே இடத்தில் வைக்கலாம் என்ற யோசனை, பொருளாளர்கள் சிலர் வலியுறுத்தினாலும், இப்போதைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. கணக்குப் பொறுப்பை ஆடிட்டரிடமிருந்து வாங்கிக் கூட்டமைப்பிடம் கொடுப்பதால் குழுவுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

உறுப்பு அமைப்புகள் உடனே வருமானவரித் தளத்தில் உள்ள செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்காகப் பைசா வாங்காமல் உழைக்கும் ஆடிட்டர்கள் உண்டு. அவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். கடவுச்சொல்லைத் தர யாராவது தயங்கினால் மாவட்ட அமைப்பாளரிடம் சொல்லுங்கள். நேரிலேயே வருகிறோம்.